எல்.டி.எல். 182: மதுரைப் பக்கம் எந்த டாக்டரிடம் காட்டுவது?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து

அம்மாவுக்கு வயது 54. வெறும் வயிற்றில் எடுத்த லிப்பிட் ப்ரொஃபைல்: மொத்தக் கொலஸ்ட்ரால் 262, ட்ரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 210, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 38, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 182. எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1, பி.பி. 138/86. நெஞ்சுவலி, மூச்சு வாங்குவது எதுவும் இல்லை. சில மாதமாக அசதி இருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது. மாத்திரை கட்டாயமா, சாப்பாட்டிலேயே குறைக்க முடியுமா? நேராக இருதய டாக்டரிடம் போக வேண்டுமா? வீட்டில் பாமாயிலை விட்டுவிட்டுச் செக்கு எண்ணெய்க்கு மாறினால் போதுமா?

பதில் 1: பொது மருத்துவம், அண்ணா நகர்

தம்பி, முதல் வேலை டி.எஸ்.எச். (தைராய்டு இரத்தப் பரிசோதனை) பாருங்க. அசதி, எடை கூடுறது, கூடவே எல்.டி.எல். ஏறியிருக்கு, தைராய்டு குறைஞ்சா இது மூணும் சேர்ந்தே வரும். ஈரலில் எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து இழுத்து எடுக்கிற ஏற்பிகள் தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா குறைஞ்சிடும். தைராக்சின் கொடுத்துச் சரி பண்ணினா எல்.டி.எல். ஓரளவு தானாகவே இறங்கும். தைராய்டைக் கவனிக்காம ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கிற மாத்திரை வகை) ஆரம்பிச்சா தசைவலி வர்ற வாய்ப்பும் அதிகம். அதோட சிறுநீரில் புரதம், கிட்னிக்குக் கிரியாட்டினின், ஈரலுக்கு எஸ்.ஜி.பி.டி. மூணையும் ஒரே நாளில் முடிச்சிருங்க.

262-ங்கிற மொத்தத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. அதில் எச்.டி.எல்.லைக் கழிங்க: 224. இதுக்குப் பேர் நான்-எச்.டி.எல்.; இரத்தக் குழாயில் படியக்கூடிய எல்லாமே இதுக்குள்ள அடக்கம். ட்ரைகிளிசரைடு கூடியிருக்கிறவங்களுக்கு எல்.டி.எல்.லை விட இதுதான் நம்பிக்கையான கணக்கு. இந்திய இருதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மாரடைப்பு ஆபத்து குறைந்தவங்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே, நான்-எச்.டி.எல். 130-க்குக் கீழே இருக்கணும். ஆபத்து அதிகமானவங்களுக்கு எல்.டி.எல். 70. ஏற்கெனவே மாரடைப்பு வந்த மாதிரி மிக அதிக ஆபத்துள்ளவங்களுக்கு 55. அதனால லேப் தாளில் ஓரமா அச்சடிச்சிருக்கிற 'நார்மல்' எல்லாருக்கும் பொருந்தாது. அம்மா எந்த வரிசையில் வர்றாங்கன்னு தீர்மானிக்கிறதுதான் டாக்டரோட வேலை.

சாப்பாடு கேட்டீங்க. நல்லாக் கட்டுப்பாடா இருந்தா எல்.டி.எல். 10, 15 சதவீதம் இறங்கும். 182-க்கு அது 155-லிருந்து 164 வரை. அதுக்கு மேல சாப்பாட்டால் மட்டும் இறக்குறது கஷ்டம். ஸ்டாட்டின் வகையில் ஒண்ணான அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. ஏறக்குறைய 35 சதவீதத்துக்கு மேல இறக்கும். அளவை இரட்டிப்பாக்கினா கூடுதலா 6 சதவீதம்தான் கிடைக்கும். அதனாலதான் ஒரு கட்டத்துக்கு மேல ஸ்டாட்டினைக் கூட்டாம எசெட்டிமைப்ங்கிற வேற வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை 10 மி.கி. சேர்ப்பாங்க.

பதில் 2: லேப் டெக்னீஷியன், கே.கே. நகர்

ஒரு சின்ன விவரம். தாளில் இருக்கிற 182 பெரும்பாலும் அளந்தது அல்ல, கணக்குப் போட்டது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள்: 262 கழித்தல் 38 கழித்தல் 42. சரியாக 182 வருகிறது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, 'டைரக்ட் எல்.டி.எல்.' என்று தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

முந்தின நாள் கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் ட்ரைகிளிசரைடு எகிறும். காய்ச்சல் அடித்த வாரத்தில் எடுத்தால் எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து காட்டும். அடுத்த தடவை 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்து, அதே லேபிலேயே எடுங்கள். லேபை மாற்றி மாற்றி எடுத்தால் மருந்தால் வந்த வித்தியாசமா, மெஷினால் வந்ததா என்று பிரிக்க முடியாது. லேப் என்.ஏ.பி.எல். என்ற தரச் சான்று பெற்றதா என்றும் பாருங்கள்.

லைப்போபுரோட்டீன் ஏ (எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகள்) என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒரு தடவை எடுத்தால் போதும். 50 மி.கி.க்கு மேல் இருந்தால் அது பரம்பரையாக வந்த ஆபத்து. அம்மாவுக்குக் கூடுதல் என்றால் நீங்களும் எடுக்க வேண்டும்.

பதில் 3: மருந்தாளுநர், செல்லூர்

எந்த டாக்டர் என்ற கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு இருதய நிபுணர் தேவையில்லை. எம்.டி. பொது மருத்துவம் அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்த ஒருவர் போதும். சுகர் எல்லைக்கோட்டில் இருப்பதால் சர்க்கரை நோயும் சேர்த்துப் பார்ப்பவராக இருந்தால் நல்லது. எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால், நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால், கூடப்பிறந்தவர்களில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்னோ பெண்களுக்கு 65-க்கு முன்னோ மாரடைப்பு வந்திருந்தால், அப்போது இருதயவியலுக்குப் போங்கள். போர்டில் 'இருதய நிபுணர்' என்று போட்டிருந்தால் போதாது, டி.எம். அல்லது டி.என்.பி. கார்டியாலஜி (இருதயவியல் மேற்படிப்பு) இருக்கிறதா பாருங்கள். சீட்டில் உள்ள பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

செலவு பெரிய விஷயமாக இருந்தால் முதலில் திருமங்கலம் அரசு மருத்துவமனை. அங்கிருந்து அனுப்பினால் கோரிப்பாளையம் ராஜாஜி மருத்துவமனை. பொது மருத்துவம், இருதயவியல் இரண்டும் அங்கே உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போடுங்கள், பழைய ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். தனியாரோ அரசோ, ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டுவதுதான் முக்கியம். முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: அம்மாவுக்கு இலக்கு எவ்வளவு? மறுபடி எப்போது இரத்தம் எடுக்க வேண்டும்? மருந்து ஆரம்பித்து 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை கட்டாயம். இலக்கு எண்ணைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியது: அட்டையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் தனியாகவும் வரும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்த கேப்சூலாகவும் வரும். இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கலாம். இருதய நோய் இல்லாதவருக்கு அந்தக் கூட்டு மாத்திரை போனால் வயிற்றில் இரத்தக் கசிவு வரை போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைக் காட்டி 'இதே கொடுங்க' என்று கேட்கவே கேட்காதீர்கள். காய்ச்சல், தொண்டைவலிக்கு வேறு டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசை கெடலாம். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் ஜெனரிக் மாத்திரை வாங்கலாம், விலை வெகுவாகக் குறையும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. டி.எஸ்.எச். எடுக்கிறோம். எண்ணெய் பற்றி யாராவது சொல்லுங்கள். ரேஷனில் வாங்கும் பாமாயில்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

பதில் 4: உணவியல், திருப்பரங்குன்றம்

பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் 20 சதவீதத்துக்குள்தான். மாறுவது நல்லதுதான். ஆனால் செக்கில் ஆட்டியதால் மட்டும் எந்த எண்ணெயும் இலேசாகிவிடாது. செக்குத் தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்புதான். பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போடுவதை நம்பி அதிகம் ஊற்றாதீர்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி கிடையாது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வாங்கும்போதே அளந்துவிடுங்கள்.

210 ட்ரைகிளிசரைடுக்கு எண்ணெயை விடச் சோறும் இனிப்பும்தான் முக்கியக் காரணமாக இருக்கும். மத்தியானத் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் அவரைக்காய், கொத்தவரை, சுண்டல். டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். ராத்திரிப் பரோட்டாவில் மைதா, எண்ணெய், மேலே ஊற்றும் தேங்காய்ச் சால்னா மூன்றுமே எதிர்ப்பக்கம் இழுக்கும்; வாரம் இரண்டு முறை என்றால் மாதம் ஒன்றாக்குங்கள். முட்டையை முற்றிலும் விடத் தேவையில்லை. சாப்பிட்டதும் உட்காராமல் நடந்தால் ட்ரைகிளிசரைடு இறங்கும், வாரம் 150 நிமிடம் கணக்கு வையுங்கள்.

பதில் 5: பொது மருத்துவம், அண்ணா நகர்

ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்டாட்டின் ஆரம்பிச்ச பிறகு ரெண்டு தொடையிலும், தோள்பட்டையிலும் ஒரே மாதிரி வலிச்சா சி.கே. (தசை பாதிப்பைக் காட்டுற இரத்தப் பரிசோதனை) எடுத்துட்டு டாக்டரைப் பாருங்க. ஒரு முட்டி மட்டும் வலிச்சா அது பெரும்பாலும் மாத்திரையால் வர்ற வலி இல்ல. சிறுநீர் கோலா நிறத்தில் போனா மாத்திரையை உடனே நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த மாதிரி எதுவும் இல்லாம, 'ரிப்போர்ட் நார்மல் வந்திருச்சே'ன்னு நீங்களே நிறுத்தினா சில வாரத்திலேயே எல்.டி.எல். பழைய இடத்துக்கு ஏறிடும். டி.எஸ்.எச். முடிவு வந்ததும் இங்கேயே போடுங்க.