கட்டியை மட்டும் எடுப்பதாகத் தொடங்கி முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க நேர்ந்தால்?

கேள்வி: வைகைக்கரை

என் தந்தைக்கு வயது 61. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில், இடது சிறுநீரகத்தில் 3.8 செ.மீ. கட்டி இருப்பது தற்செயலாகத் தெரிந்தது. லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) மூலம் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்று மருத்துவர் கூறினார். ஆனால் நேற்றுக் கொடுத்த ஒப்புதல் படிவத்தில், தேவைப்பட்டால் திறந்த முறைக்கு மாற்றவும் முழுச் சிறுநீரகத்தை நீக்கவும் சம்மதம் என்று ஒரே வரியில் அச்சிட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து அப்பா கையெழுத்திட மறுக்கிறார். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை அளவு 1.3. இப்படிப் பாதியில் மாற்றுவதில் உள்ள ஆபத்துகளை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற யூராலஜி மருத்துவர்

அந்த ஒரு வரியில் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பாருங்கள். லேப்ராஸ்கோப்பியிலிருந்து திறந்த முறைக்குப் போவது வழியை மாற்றுவது மட்டுமே. தழும்பு பெரிதாகும், வலியும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் கூடும், உறுப்பு போகாது. பார்வை தெளிவாக இல்லை என்று நிதானமாக முடிவெடுத்துத் திறப்பதற்கும், ரத்தம் பீறிட்ட பிறகு அவசரமாகத் திறப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. முன்னதைத் தோல்வி என்று எண்ணித் தள்ளிப்போடும் அறுவை மருத்துவரிடம்தான் பின்னது அதிகம் நேரும் என்பது என் கருத்து.

கட்டியை மட்டும் எடுக்கும்போது, சிறுநீரகத் தமனியைக் கிளாம்ப் போட்டுத் தற்காலிகமாக அடைத்து, கட்டியை அறுத்தெடுத்து, தையலிட்டு, பெரும்பாலும் 25 நிமிடங்களுக்குள் ரத்த ஓட்டத்தைத் திறந்துவிட முயல்வோம். பலருக்கு ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு தமனிகள் இருக்கும். ஸ்கேனில் கவனிக்கப்படாத இரண்டாவது தமனி அறுக்கும்போது கொட்டத் தொடங்கினால் கணக்கெல்லாம் மாறிவிடும். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவின் அழுத்தம் சிறு சிரைகளை நசுக்கி வைத்திருக்கும் என்பதால், முடிக்கும் முன் அழுத்தத்தைக் குறைத்து, தையல் போட்ட இடத்தைச் சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டே நிற்பது எங்கள் வழக்கம். ரத்தம் நிற்காவிட்டாலோ, கட்டி சிறுநீரகச் சிரைக்குள் புகுந்திருப்பது தெரிந்தாலோ முழுதாக எடுப்பதே உயிருக்குப் பாதுகாப்பு. திட்டத்தை மாற்றாமல் பிடிவாதமாக இருப்பதிலும் ஆபத்து உண்டு.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 541 நோயாளிகளை வைத்து ஐரோப்பிய ஆய்வமைப்பு ஒன்று நடத்தி 2011-இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், முழுச் சிறுநீரகத்தை இழந்தவர்களின் ஆயுள் குறையவில்லை. ஆனால் அதில் இருந்தவர்களின் மறு சிறுநீரகம் நலமாக இருந்தது. சர்க்கரை நோயும் 1.3 கிரியேட்டினினும் உள்ளவருக்கு அந்த ஆறுதலை அப்படியே பொருத்த மாட்டேன். வலது சிறுநீரகம் தனியாக எவ்வளவு வேலை செய்கிறது என்பதை டி.டி.பி.ஏ. ஸ்கேன் காட்டும், அதை எடுத்தார்களா?

மறுமொழி 2: காவேரிப்பாக்கம்

என் தாயாருக்கு இதுவே நேர்ந்தது. அறுவை அரங்கின் கதவை அரையளவு திறந்து, கையுறையோடு நின்ற இளம் மருத்துவர் ஒருவர், "ரத்தம் நிற்கவில்லை, முழுதாக எடுக்க வேண்டும், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று தாளை நீட்டினார். நான் படிக்கக்கூட இல்லை. பத்து நாள் கழித்து வந்த பயாப்சி முடிவு, அது ஆன்கோசைட்டோமா என்றது. அதாவது புற்றுநோயே இல்லை. எடுத்தது தவறு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன், ரத்தப்போக்கு உண்மை. ஆனால் அப்படியொரு நிலை வரக்கூடும் என்று முந்தின நாளே அம்மாவிடம் யாரேனும் உட்கார்ந்து பேசியிருந்தால், கண் விழித்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி "நீ ஏன் சம்மதித்தாய்?" என்று இருந்திருக்காது.

மறுமொழி 3: வழக்கறிஞர், சென்னை

மேலே உள்ள நண்பர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. கருப்பை நீக்கம் தொடர்பான வழக்கொன்றில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்றும், மயக்கத்தில் இருக்கும் வயதுவந்த நோயாளிக்காகத் தாய் தந்த சம்மதமும் போதாது என்றும் தீர்ப்பளித்தது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க, நோயாளி விழிக்கும் வரை காத்திருக்க முடியாத நிலை மட்டுமே விலக்கு. எதிர்பார்க்கக்கூடிய கூடுதல் சிகிச்சைக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெறலாம் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆகவே அந்த வரி இருப்பதில் தவறில்லை; விளக்கமின்றி இருப்பதே குறை. எந்தெந்த நிலையில் முழு நீக்கம் என்பதைக் கையால் எழுதித் தரும்படி உங்கள் தந்தையே கேட்கலாம்.

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. டி.டி.பி.ஏ. எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. வியாழக்கிழமைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அறுவையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். படிவத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, "கட்டுப்படாத ரத்தப்போக்கு, சிரைக்குள் கட்டி" என்ற இரண்டு காரணங்களை மருத்துவர் தம் கையாலேயே எழுதினார். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, திறந்த முறைக்கு மாற்றுவதற்கு மட்டும் எந்தக் காரணமும் தேவையில்லை, அது மருத்துவரின் விருப்பம் என்று கூறிவிட்டார்.