தாழ்வு மனப்பான்மையிலிருந்து மீளக் கைகொடுத்த அன்றாட வேலைகள்

யங்கோன் தையல்காரி:

வேலை பார்த்த கடையில் முதலாளி எல்லார் முன்னாலும், "உன் கைக்கு ஒரு வேலையும் வராது" என்று சொல்லிவிட்டார். வேலையை விட்டு நின்ற பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஊசியைத் தொட்டாலே கை நடுங்கும். கண்ணாடி முன்னால் நின்று "நான் திறமைசாலி" என்று தினமும் சொல்லிப் பார் என்றாள் ஒரு தோழி. சொல்லச் சொல்ல, "பொய் சொல்லாதே" என்றுதான் உள்ளுக்குள் கேட்டது.

பெரியம்மா புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "காலையில எழுந்து நம்ம ரெண்டு பேருக்கும் தனக்கா அரைச்சு வைம்மா" என்றார், அவ்வளவுதான். இங்கே பர்மாவில் நாங்கள் கன்னத்தில் பூசிக்கொள்ளும் மரப்பட்டைக் குழம்புதான் தனக்கா. கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அந்த மரக்கட்டையின் பட்டை கல்லில் படும்படி வட்டமாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் கூடினால் கன்னத்தில் நிற்காமல் வழியும். குறைந்தால் திப்பி திப்பியாகக் காயும். ஆரம்பத்தில் எனக்கு நீர்த்துத்தான் போனது. போகப் போகச் சந்தனம் மாதிரி வழவழவென்று வந்தது. பெரியம்மா அதைப் பூசிக்கொண்டு பேசாமல் பஜாருக்குக் கிளம்பிவிட்டார். அவர் வாயாரப் பாராட்டியிருந்தால்கூட நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் கன்னத்தில் காய்ந்திருந்த தனக்காவை நம்பாமல் இருக்க முடியுமா?

அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பச்சைப் பள்ளிக்கூட லுங்கிக்கு ஓரம் அடித்துக் கொடுத்தேன். கை நடுங்கவில்லை. இப்போது வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். உங்களுக்கெல்லாம் எது கைகொடுத்தது, சொல்லுங்களேன்.

மோல்மீன் டீச்சர்:

தங்கச்சி, அந்தக் கண்ணாடி விஷயத்தில் உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். "நான் அன்புக்குரியவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஏற்கெனவே தன்மதிப்பு நிறைய உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அது குறைவாக உள்ளவர்களுக்கோ மனம் இன்னும் சோர்ந்துபோனது. யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது உதவவில்லை.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இலேயே எழுதியிருக்கிறார்: 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரம், நாமே செய்து முடித்த காரியங்கள்தான். மற்றவர்கள் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு அவ்வளவு பலம் கிடையாது. உங்கள் பெரியம்மா அவரைப் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

என் டியூஷனில் வாயே திறக்காத பையன் ஒருவன் இருந்தான். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். பலகையைத் துடைத்துத் தேதியும் கிழமையும் எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். இப்போது வகுப்புக்கு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுகிறான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இந்தச் சின்ன வேலைகள் மட்டும் போதாது. தயங்காமல் டாக்டரைப் பாருங்கள்.

தட்டோன் தாத்தா:

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. 1960-களில் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நான் சின்னப் பையன். என் தமிழ்ப் படிப்பு அத்தோடு நின்றது. கணக்கு வழக்கெல்லாம் பர்மிய மொழியிலேயே பார்த்துவிடுவேன். கோயிலில் பாட்டுப் புத்தகத்தை யாராவது நீட்டினால் மட்டும் மெல்ல நழுவிவிடுவேன். அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

பேத்தி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் படிக்கிறாள். அவள் புத்தகத்தில் ராத்திரிக்கு ஒரு வரி, சத்தமாக வாசிக்கிறேன். "தாத்தா, இது ரெண்டு சுழி, அது மூணு சுழி" என்று விரல் வைத்துக் காட்டுவாள். இந்தத் தை மாதம் கோயில் பலகையில் எழுதியிருந்த அன்னதான அறிவிப்பை யாரையும் கேட்காமல் நானே வாசித்தேன். வாசித்துவிட்டு இன்னொரு தரமும் வாசித்தேன். இதையும் நானேதான் தட்டுகிறேன், மெதுவாகத்தான் வருகிறது.

யங்கோன் தையல்காரி:

ஐயா, படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நிறைய எழுதுங்கள்.

நானும் ஒரு பழக்கத்தை மாற்றி வருகிறேன். "ரவிக்கை நல்லா பொருந்துது" என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைக்கா" என்று தட்டிவிடுவேன். இப்போது "ரொம்ப சந்தோஷம்க்கா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். தனக்கா அரைப்பதைவிட இதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டீச்சர், அந்தப் பையன் இப்போது பேசுகிறானா?

மோல்மீன் டீச்சர்:

பேசுகிறான்மா. போன வாரம் நான் கிழமையை மாற்றிச் சொன்னதும், "இல்ல டீச்சர், இன்னைக்குப் புதன்" என்று திருத்தினான்.