எத்தனை மணிக்குங்க கடித்தது?

கொறங்காட்டுக்காரன், காங்கயம் பக்கம்

கேஷுவாலிட்டியில் சந்தித்த மருத்துவர்களைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். எனக்கு ஒருவரைத்தான் தெரியும். பெயர் போடவில்லை. பாம்புக்கடியோடு போனவர்கள் வாசித்தாலே ஆளைத் தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் கொறங்காடு, அதாவது ஆடுமாடு மேய்க்கும் நிலம், பதினொரு ஏக்கர், சுற்றிலும் கிளுவை வேலி. வேலியோரம் கல்லைப் புரட்டினால் சுருட்டை விரியன் இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் அப்பா வெறுங்காலோடுதான் போவார். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் செம்மறிகளைப் பட்டியில் அடைக்கும்போது குதிகாலுக்கு மேல் கடித்துவிட்டது. ஒன்றரைச் சாண்கூட இல்லாத பாம்பு. அடித்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நாங்கள் செய்ததை மறைக்கவில்லை. துண்டால் இறுக்கிக் கட்டினோம். பக்கத்து ஊரில் விஷத்துக்கு மந்திரித்துப் பாடம் போடுகிறவரிடம் கூட்டிப்போனோம். அவர் சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுத்தார். கசக்கிறது என்றார் அப்பா. அப்படியென்றால் விஷம் ஏறவில்லை என்று அனுப்பிவிட்டார். விடிந்ததும் அப்பா வேப்பங்குச்சியால் பல் துலக்கினார். ஈறிலிருந்து கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை.

மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா வாளிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “எத்தனை மணிக்குங்க கடித்தது? கட்டு எப்போது போட்டீர்கள்? ரத்தம் முதலில் எப்போது வந்தது?” என்று மணி மணியாகக் கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதினார். போலீஸ் கேஸோ என்று பயந்தேன். “இல்லைங்க, இது என் ஆராய்ச்சிக்கு” என்றார்.

பிறகு அப்பாவின் ரத்தம் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஜன்னல் திண்டில் நிறுத்தினார். இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது. குழாய் புதிதாக, ஈரம் இல்லாமல் இருக்க வேண்டுமாம். சோப்புப் போட்டுக் கழுவியதும் பிளாஸ்டிக் குழாயும் பொய் சொல்லுமாம். அதற்காகவே சொந்தக் காசில் ஒரு கட்டு கண்ணாடிக் குழாய் வாங்கிப் பையில் வைத்திருந்தார். அந்த இருபது நிமிடமும் நான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு டீ குடிக்கும் நேரம்தான். எனக்கு ஒரு பட்டம் உழவு ஓட்டிய மாதிரி இருந்தது.

நேரம் முடிந்ததும் குழாயை ஒருமுறை சாய்த்தார். ரத்தம் தண்ணீராக வழிந்தது. “உறைய வேண்டியது உறையவில்லை, பாருங்க” என்றார். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏறியது. ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசியைத் தயாராகத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு குழாய். அதுவும் வழிந்தது, மறுபடி மருந்து. மூன்றாவது குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கெட்டித் தயிர் போல அப்படியே நின்றது. அதை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

வண்டி ஓட்டி, 108

இந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்களையும் விடமாட்டார். அழைப்பு எப்போது வந்தது, ஊருக்குள் எப்போது நுழைந்தாய், ஆளை ஏற்ற எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்பார். ஒருநாள் அடுத்த அழைப்பு காத்திருக்கும்போது நிறுத்தி வைத்துக் கேட்டார், எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வண்டி ஓட ஆரம்பித்த 2008 முதல் இதில் இருக்கிறேன், என்னிடமே கணக்கா என்று சத்தம் போட்டேன். “உங்கள் மேல் குற்றம் சொல்ல இல்லைங்கண்ணா. நீங்கள் வருவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டத்தான்” என்றார். அதற்குப் பிறகு கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

ராப்பணி செவிலியர்

நான் அவரோடு நான்கு வருடம் ஐசியுவில் வேலை செய்தவள். சிடுசிடுப்பானவர். மருந்துத் தட்டில் ஒன்று இடம் மாறி இருந்தால் வார்டே அதிரும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தியூர்ப் பக்கம் கரும்பு வெட்ட வந்த ஒரு குடும்பம், ஒன்பது வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடிகாலையில் ஓடி வந்தது. ராத்திரி மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறாள். புரோட்டா சாப்பிட்டது சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். வரும்போது இமை பாதி இறங்கியிருந்தது, எச்சிலை விழுங்க முடியவில்லை. காயம் இல்லை, வீக்கம் இல்லை. டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர் உணவு நஞ்சு என்று எழுதப் போனார். டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: “பிள்ளை தரையிலா படுத்திருந்தது?”

கட்டுவிரியன் அப்படித்தான். தரையில் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. நரம்பு முனை கெட்டு தசை செயலிழந்த பிறகு விஷமுறிவு மருந்து போட்டாலும் உடனே மீளாது. நரம்பு தானாகத் தேறும்வரை நாம்தான் மூச்சு விட்டுக்கொடுக்க வேண்டும்.

அன்று வென்டிலேட்டர் ஒன்றும் காலியில்லை. தொண்டையில் குழாய் போட்டு, காற்றை உள்ளே தள்ளும் அம்பு பையைக் கையால் அமுக்கினோம். நான் அரை மணி நேரம், பயிற்சி மருத்துவர் அரை மணி நேரம், அப்புறம் குழந்தையின் மாமனுக்கே டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். “நீங்கள் மூச்சு இழுக்கும்போது அமுக்குங்க, விடும்போது விட்டுவிடுங்க. அவசரப்படாதீர்கள்.” அரிவாள் பிடித்துக் காய்த்த அந்தக் கை நடுங்கிக்கொண்டே பையை அமுக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பயிற்சி மருத்துவர் சலித்துக்கொண்டபோது, 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சு நின்றவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு வாரக்கணக்கில் இப்படித்தான் பையை அமுக்கினார்கள், ஐசியு என்பதே அதிலிருந்து பிறந்தது, நீயும் அமுக்கு என்றார். காலை பத்து மணிக்கு மெஷின் கிடைத்தது.

இரண்டாம் நாள் குழந்தையின் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. கை கால் துளி அசைவில்லை. வேறு துறை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மூளை போய்விட்டது, வீட்டாரிடம் சொல்லிவிடலாம் என்றார். டாக்டரம்மா அவரை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். கட்டுவிரியன் விஷத்தில் கண்மணியும் செயலிழக்கும், உள்ளே நினைவு முழுதாக இருக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். திரும்பி வந்து குழந்தையின் காதருகில் குனிந்தார். “கண்ணு, உனக்குக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். உடம்புதான் தூங்குகிறது. நீ எழுந்துவிடுவாய்.” கட்டிலருகில் யாரும் அழவோ கெட்டது பேசவோ கூடாது என்று உத்தரவு.

நான்காம் நாள் இடது கால் பெருவிரல் அசைந்தது. குழாயை எடுத்து இரண்டு நாள் கழித்து, அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னது: “அக்கா, நீங்கள் ஒரு ராத்திரி போனில் உங்கள் வீட்டுக்காரரோடு சண்டை போட்டீர்கள். கேஸ் பில்லுக்கு.” எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டாக்டரம்மா சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மஞ்சள்காட்டான், கொடுமுடி

எல்லோரும் புகழ்கிறீர்கள். என்னால் முடியாது.

என் தம்பிக்குக் கண்ணாடி விரியன். மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வரும், மஞ்சளுக்கு மடை திருப்பப் போனான். அந்த அம்மாவிடம் போய்ச் சேரும்போது ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. சிறுநீரகம் நின்றுவிட்டது, டயாலிசிஸ் செய்தார்கள், ஒன்பதாம் நாள் போய்விட்டான். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, “நேரம் நிறையப் போய்விட்டதுங்க, செய்வதைச் செய்கிறேன், உறுதி சொல்ல மாட்டேன்” என்றார். கூடப்பிறந்தவனுக்கு நேரே அப்படியா சொல்வது? அந்த நோட்டில் என் தம்பியும் ஒரு வரி என்று நினைக்கும்போது வயிறு எரிந்தது.

ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார், ஊரிலிருந்து கிளம்பிய நேரம் கேட்டு. வைத்துவிட்டேன். மறுபடி ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டார். அப்போது சொன்னேன். ஏழு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் போனது. அவர்களிடம் விஷமுறிவு மருந்தே இல்லை. இருக்கிறது, ஏற்றுகிறோம் என்று குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டு முன்பணம் வாங்கினார்கள். இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை. பேனா எழுதும் சத்தம் மட்டும் கேட்டது போல இருந்தது.

அவரிடம் படித்தவன்

கொடுமுடி அண்ணனுக்கு நான் பதில் சொல்ல வரவில்லை. அந்த நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் எம்.பி.பி.எஸ். முடித்த காலத்தில் கேஷுவாலிட்டி என்பது யாருக்கும் பிடிக்காத முறைப்பணி. எல்லாத் துறைக்காரர்களும் வந்து போவார்கள், அங்கேயே இருப்பவர் யாரும் கிடையாது. இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்றதே 2009இல்தான். மயக்க மருந்தியல் படித்து, தீவிர சிகிச்சைக்குப் போய், பிறகு மறுபடி வாசலுக்கே வந்து உட்கார்ந்தவர் அவர். “ஐசியுவில் நான் போராடுவது எல்லாம் வாசலில் தொலைந்த மணி நேரத்தோடுதான்” என்பார்.

இரண்டு கேள்விகள் அவரை விடவில்லை. ஒன்று நேரம். மற்றது மருந்து. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் பொதுவானது. குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்த விஷத்தில் பெரும்பங்கு செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. ஒரே வகைப் பாம்புக்கும் ஊருக்கு ஊர் விஷத்தின் சேர்க்கை மாறும். செங்கல்பட்டுப் பக்கத்துப் பாம்புக்குச் செய்த மருந்து காங்கயத்துச் சுருட்டைக்கு எத்தனை குப்பி கேட்கிறது என்பதுதான் அவர் எழுதிக்கொண்டே இருப்பது. ஒரு மருத்துவமனையின் நோட்டு அதற்குப் போதாது என்று அவருக்கும் தெரியும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவமனைக் கணக்கில் அதில் சொற்பம்தான் தெரியும். பாடம் போடுகிறவர் வீட்டுத் திண்ணையில் இறந்தவர்களை யார் எழுதினார்கள்? 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியபோது அவர் ஸ்வீட் வாங்கி வந்தார். மைசூர்பாகு. கல் மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.

கொடுமுடி அண்ணன் சொன்ன அந்த மூன்று மணி நேரத்தை அவர் வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் இல்லாமல்.

தேயிலைக்காரி, வால்பாறை

ஒன்று சேர்க்கிறேன். எங்கள் மலையில் மூக்கு நுனி மேலே தூக்கிய ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. இந்த மருந்து அதற்குக் கேட்காது. கொழுந்து பறிக்கும்போது என் கையில் கடித்தது. கீழே கொண்டுபோனோம். போனில் நாங்கள் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா, குப்பிகளை வீணாக்காமல், குழாய்ச் சோதனை செய்துகொண்டு மூன்று நாள் படுக்க வைத்தார். பாம்பை அடிக்காமல் தூரத்திலிருந்து படம் எடுத்ததற்குப் பாராட்டும் கிடைத்தது.

கொறங்காட்டுக்காரன், காங்கயம் பக்கம்

கொடுமுடிக்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாங்களும் ஒரு ராத்திரியை வீணாக்கியவர்கள்தான். எங்களுக்கு வாய்த்தது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு கம்பூட்ஸ் வாங்கிக்கொடுத்தேன். அது திண்ணையில் கோழி அடைகாக்கக் கிடக்கிறது. ஆனால் இருபது வருடமாகப் பெட்டியில் கிடந்த கல்யாணக் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக் கட்டிக்கொண்டுதான் இப்போது காட்டுக்குப் போகிறார். “கடித்தால் அந்தம்மா மணி கேட்குமல்லவா” என்கிறார்.