லயத்துப் பிள்ளைங்க, கோத்தகிரி (குடும்பக் குழு)

செல்வி அத்தை: இலங்கையில தலவாக்கலையில இருந்து பத்திரிகை வந்திருச்சு. சந்திரன் மாமா மகளுக்கு வைகாசில கல்யாணம். யார் யார் போறீங்க?

கார்த்தி: நான்

திவ்யா: நானும். கல்யாணம் முடிஞ்சு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஊர் சுத்தலாம்னு பிரபு அண்ணன் சொல்லுச்சு

கீதா சித்தி: ஸ்கூட்டரா???

பிரபு: சித்தி, முழுசா படிங்க. நான் ஒரு வாரமா விசாரிச்சிட்டேன். அங்கயும் நம்ம மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். ஆனா நம்ம லைசென்ஸ் மட்டும் பத்தாது. ஊட்டி ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் எடுக்கணும், ஆயிரம் ரூபா கட்டணம், ஒரு வருஷம் செல்லும். அதையும் கொழும்புல ஆட்டோமொபைல் சங்கத்துல காட்டி ஒப்புதல் வாங்கணும். அது இல்லாம ஓட்டி எங்கயாவது மோதிட்டா இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது. அதனால போறப்ப திருச்சியில இருந்து கொழும்புக்கு பிளேன், வர்றப்ப யாழ்ப்பாணத்துக்கிட்ட காங்கேசன்துறையில இருந்து நாகப்பட்டினத்துக்கு கப்பல். நாலு மணி நேரம்தான். அங்கிருந்து காரைக்கால் எர்ணாகுளம் வண்டியைப் புடிச்சா கோயமுத்தூர்.

மோகன் சித்தப்பா: தலவாக்கலைக்குப் போற அட்டன் மலை ரோட்டுல ஸ்கூட்டர் வேணாம்

மோகன் சித்தப்பா: மதியத்துக்கு மேல மழை. வளைவுல எதிர்ல பஸ்ஸு. இறக்கத்துல சும்மா பிரேக்கையே புடிச்சிட்டு வந்தா சூடாகி புடிக்காமப் போயிரும். டூரிஸ்டுங்க குன்னூர் ரோட்டுல அப்படித்தான் விழுறாங்க

பிரபு: மலையில எடுக்கலை சித்தப்பா. கல்யாணத்துக்கு ரயில்லயே அட்டன் போயிருவோம். ஸ்கூட்டர் சமவெளியில மட்டும். வைகாசில கிழக்குக் கடல்தான் அமைதியா இருக்கும், அதனால முதல்ல திருகோணமலை, நிலாவெளி, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு. பிறகு பஸ்ல யாழ்ப்பாணம் போய் அங்க வேற ஸ்கூட்டர். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வரைக்கும் கடலுக்கு நடுவுல ரோடு. குறிகட்டுவான்ல வண்டியை நிறுத்திட்டு படகுல நயினாதீவு. அம்மனைக் கும்பிட்டுட்டு சாயங்காலமே திரும்பிரலாம். ஆளுக்கு முப்பதாயிரத்துக்குள்ள முடிக்கணும். நம்ம ஒரு ரூபா அங்க மூணு ரூபாய்க்கு மேல.

கார்த்தி: 👍👍

ராஜா பெரியப்பா: அப்பா சாவுக்கு அந்த வீட்டுல இருந்து ஒரு ஆள் வரலை. இப்ப மட்டும் சொந்தமா?

செல்வி அத்தை: அண்ணே அது 2022. அவங்க அங்க பெட்ரோலுக்கே ராத்திரி பகலா வரிசையில நின்னாங்க. பிளேனுக்கு எங்க போவாங்க

ராஜா பெரியப்பா: ஒரு போன்?

செல்வி அத்தை: போன் பண்ணாங்க. நீங்கதான் எடுக்கலை.

*ராஜா பெரியப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்*

கீதா சித்தி: கீழ் லைன்ல கரடி. மாரியம்மன் கோயில் விளக்கெண்ணெயைக் குடிச்சிட்டுப் போயிருக்கு. பிள்ளைங்களை டியூஷனுக்குத் தனியா அனுப்பாதீங்க

மோகன் சித்தப்பா: குட்டியோடவா?

கீதா சித்தி: ரெண்டு குட்டி

கார்த்தி: போட்டோ இருக்கா சித்தி

திவ்யா: கார்த்தி, உன் பாஸ்போர்ட் என்னாச்சு அதைச் சொல்லு

கார்த்தி: போலீஸ் வெரிபிகேஷன் பாக்கி

பிரபு: இன்னொரு விஷயம். வண்டி வாடகைக்கு விடுறவங்க அடமானமா பாஸ்போர்ட் கேப்பாங்க. அசலைக் கொடுக்கவே கூடாது, ஜெராக்ஸும் பணமும்தான். வாங்கும்போதே வண்டியைச் சுத்தி வீடியோ எடுத்துக்கணும், இல்லைன்னா பழைய கீறலுக்கெல்லாம் நம்ம தலையில கட்டுவாங்க. பின்னாடி உக்கார்ற ஆளுக்கும் ஹெல்மெட் கட்டாயம். திவ்யா, உனக்குத்தான் சொல்றேன்.

திவ்யா: சரி சரி

திவ்யா: அப்பாயி பேசினதை அனுப்பினேன், யாரும் கேக்கலையா?

*குரல் செய்தி 1:52*

கீதா சித்தி: இங்க சிக்னல் இல்ல. என்ன சொல்றாங்க

திவ்யா: தானும் வருதாம். நம்ம காம்பரா, அதான் தோட்டத்துல குடியிருந்த அறை, வேலைக்குப் பேர் கொடுக்குற பெரட்டுக்களத்துக்கு மேல மூணாவது லயத்துல (லைன் வீட்டு வரிசை) கடைசியாம். வாசல்ல கொய்யா மரம் வச்சதாம். அதைப் பாக்கணுமாம். அப்பாயியோட அக்கா கூடையோட ரயில் ரோடு வரைக்கும் வந்து நின்னுச்சாம், அதுக்கப்புறம் பாக்கவே இல்லையாம்.

மோகன் சித்தப்பா: அம்மா இதை என்கிட்ட சொன்னதே இல்ல

செல்வி அத்தை: யாரு கேட்டோம்

பிரபு: அத்தை, அப்பாயி வந்தா திட்டமே மாறும். கொழும்புல இருந்து அட்டனுக்கு வேன் வைக்கணும், கப்பல் வேணாம், போக வர பிளேன். ஸ்கூட்டர் ஒரு பக்கம் கிடக்கட்டும். ஆனா பாஸ்போர்ட்?

திவ்யா: ட்ரங்குப் பெட்டியில இருந்து எடுத்துக் காட்டுச்சு. கண்டியில இந்தியத் தூதரகத்துல கொடுத்தது. தாத்தாவும் அப்பாயியும் ஒரே போட்டோல. இலங்கையில இருந்து வந்தப்ப தங்கின மண்டபம் கேம்ப் முத்திரை இருக்கு. இதை வச்சே போயிரலாம்னு நினைக்குது

கார்த்தி: 😢

பிரபு: அது செல்லாது, புதுசா போடணும். பிறந்த ஊர் இலங்கைன்னு வரும், அதனால அந்தப் பழைய பாஸ்போர்ட்டும் இங்க வந்தப்ப கொடுத்த குடும்ப அட்டையும் ரொம்ப முக்கியம். தயவுசெய்து லேமினேட் பண்ணிராதீங்க.

ராஜா பெரியப்பா: குடும்ப அட்டை என்கிட்ட இருக்கு. டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) வேலைக்குக் காட்டினது

செல்வி அத்தை: அப்ப நாளைக்குக் கொண்டு வாங்கண்ணே

ராஜா பெரியப்பா: பாப்போம்

மோகன் சித்தப்பா: மே மாசம் சீசன், என்னால நகர முடியாது. அம்மாவை யாரு புடிச்சிட்டுப் போவா?

கீதா சித்தி: ராஜா மாமா போகட்டும்

ராஜா பெரியப்பா: நான் எதுக்கு

செல்வி அத்தை: அண்ணே உங்களுக்கு அது பிறந்த ஊரு

கார்த்தி: அப்ப ஸ்கூட்டர் எத்தனை?

பிரபு: இப்போதைக்கு ரெண்டுன்னு வச்சுக்குவோம். ஆர்டிஓ வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கணும், கார்த்தி நீயும் வர்ற. அப்பாயி பாஸ்போர்ட்டுக்குக் கோயமுத்தூர்ல நாள் கிடைக்குதான்னு இன்னைக்கு ராத்திரி பாக்குறேன்.

ராஜா பெரியப்பா: எந்தக் கிழமைன்னு சொல்லு. அட்டையை ஆள் கைல கொடுத்தனுப்ப மாட்டேன், நானே வர்றேன்

கீதா சித்தி: கரடி இப்ப ரேஷன் கடைப் பக்கம் வந்திருச்சாம், யாரும் வெளிய வராதீங்க