18 மி.மீ. பிளைவுட்டில் ஆர்கேட் பட்டன் நிற்கவில்லை, ஜாய்ஸ்டிக் குட்டையாகத் தெரிகிறது

மரத்தூள்:
காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டுகளை இரண்டு பேர் சேர்ந்து நின்று ஆடுவதற்காகக் கண்ட்ரோல் பேனல் செய்துகொண்டிருக்கிறேன். பலகை 18 மி.மீ. பிளைவுட். 30 மி.மீ. துளைகள் எல்லாம் போட்டாயிற்று. பட்டன்கள் அழுத்திச் செருகும் ஜப்பான் பாணி. துளைக்குள் அழகாக இறங்குகின்றன, ஆனால் பக்கத்து நாக்குகள் எதையும் பிடிப்பதில்லை. வயரை லேசாகத் தள்ளினாலே பட்டன் எழும்பி வந்துவிடுகிறது. ஜாய்ஸ்டிக்கை அடியில் திருகினால் அதன் தலையிலுள்ள பந்து பலகையை ஒட்டி நிற்கிறது, விரல் நுழைய இடமில்லை. மேலே தள்ளினால் திரையில் கீழே போகிறது, இடதும் வலதும்கூட மாறித்தான் இருக்கிறது. பலகையை வீணாக்க மனமில்லை. வழி சொல்லுங்கள்.

பழைய கன்சோல்:
பலகையைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த வகைப் பட்டன் 3 மி.மீ. போன்ற மெல்லிய தகட்டுக்காகச் செய்தது. தகட்டின் அடி விளிம்பில்தான் நாக்கு மாட்டும், 18 மி.மீ. மரத்தில் அது துளைச் சுவரில் உரசிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். பசை போட்டு ஒட்டாதீர்கள், பிறகு ஒரு பட்டனைக்கூட மாற்ற முடியாது.

அமெரிக்க பாணி நீளமான பட்டன் வாங்குங்கள். உடம்பு முழுக்க மரை இருக்கும், அடியில் நட்டு போட்டு இறுக்கலாம். அதற்குரிய துளை 28.6 மி.மீ. (ஒன்றேகால் அல்ல, ஒன்றே அரைக்கால் அங்குலம்). உங்கள் துளை சற்றுப் பெரிது என்றாலும் பட்டனின் மேல் விளிம்பு அதை மூடிவிடும். நட்டை இறுக்குமுன் நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வரிசை கோணலாகத் தெரியும்.

தச்சுப்பட்டறை:
ஸ்டிக்குக்கு நான் சொல்கிறேன். அதன் அடித்தகடு உட்காரும் அளவுக்குப் பலகையின் அடியில் ரவுட்டரால் (மரம் குடையும் இயந்திரம்) குடையுங்கள். ஒரே மூச்சில் ஆழமாகப் போகாமல் இரண்டு மூன்று மி.மீ. ஆகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மேலே 5, 6 மி.மீ. மிஞ்சட்டும். அந்த மெல்லிய பகுதியில் மரத்திருகு போடக் கூடாது. ஆவேசமாக ஆடும்போது ஸ்டிக்கை இழுக்கிற இழுப்பில் பிய்ந்துவிடும். மேலிருந்து தலை பதியும்படி எம்4 (4 மி.மீ. தடிமன்) போல்ட் விட்டு அடியில் நட்டு போடுங்கள். போல்ட் தலைகளின் மேல் மைக்கா ஒட்டிவிட்டால் வெளியே தெரியாது.

இனி துளை போடுவதாக இருந்தால் அடியில் ஒரு கழிவுப் பலகையை இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். துளையிடும் பிட் வெளியேறும் பக்கத்தில்தான் பிளைவுட் சிலாம்பு எடுக்கும்.

பழைய கன்சோல்:
திசை விஷயம் சுலபம். இரண்டு அச்சும் தலைகீழ் என்றால் ஸ்டிக் 180 பாகை திரும்பி உட்கார்ந்திருக்கிறது. கழற்றித் திருப்பினால் சரி. பெட்டிக்குள் இடம் இடிக்கிறது என்றால் ஐந்து வயரில் பொது வயரை விட்டுவிட்டு, மேல்-கீழ் இரண்டையும் இடது-வலது இரண்டையும் மாற்றிச் செருகுங்கள்.

மரத்தூள்:
மிக்க நன்றி இருவருக்கும். குடைந்துவிட்டேன், ஸ்டிக் இப்போது கைக்கு நன்றாக வருகிறது. திசையும் சரி. நட்டு வைத்த பட்டன்களும் அசையாமல் நிற்கின்றன. ஆனால் ஒரு பட்டன் மட்டும் தொடாமலே அழுந்தியிருப்பதாகக் காட்டுகிறது, அழுத்தினால் விடுகிறது. பட்டன் பழுதா?

பழைய கன்சோல்:
பட்டன் நன்றாகத்தான் இருக்கும். இந்த வகையில் பட்டனின் அடியிலுள்ள மைக்ரோ சுவிட்சுக்கு மூன்று கால்: பொது, அழுத்தினால் இணைவது, அழுத்தினால் துண்டிப்பது. நீங்கள் மூன்றாவதில் மாட்டியிருக்கிறீர்கள். சுவிட்சின் பக்கத்திலேயே என்ஓ (இணைவது), என்சி (துண்டிப்பது) என்று பொறித்திருப்பார்கள். என்சியில் இருக்கும் வயரை என்ஓவுக்கு மாற்றுங்கள், பொது வயரைத் தொட வேண்டாம்.

மரத்தூள்:
அதேதான் அண்ணா, மாற்றியதும் சரியாகிவிட்டது. அடுத்து மைக்கா ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு துளைகளை எதை வைத்துத் திறப்பது?

தச்சுப்பட்டறை:
ரவுட்டரில் தாங்கி (பேரிங்) பொருத்திய டிரிம் பிட் (ஓரம் வெட்டும் அலகு) போதும். தாங்கி துளைச் சுவரைத் தொட்டபடி சுற்றி வரும், மைக்கா அதே அளவுக்கு வெட்டுப்படும். முதலில் ஒவ்வொரு துளையின் நடுவிலும் பிட் நுழைய ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், மைக்காத் துணுக்கு கண்ணுக்குத் தெறிக்கும்.