டிபென்ஸ் ஆட்டக்காரரை எப்போ இறக்கறதுங்க?

வணக்கமுங்க. கோபி பக்கத்து வாலிபால் டீமுக்கு யோசனை வேணும். ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் கோச்சிங் தர்ற அண்ணன்மாருங்க சொல்லுங்க.

லிபரோ (பின்வரிசையில மட்டும் ஆடற, தனி நிற பனியன் போட்ட டிபென்ஸ் ஆட்டக்காரர்) ரெண்டு சென்டர் பிளாக்கருக்கும் மாறி மாறி இறங்கிடறாரு. சிக்கல் இடதுபக்க அட்டாக்கர்கிட்ட: அடி பிரமாதம், பாஸ் வராது. அவர் 1-ஆம் இடத்துக்கு (பின்வரிசை வலது, சர்வீஸ் போடற இடம்) சுத்தி வர்றப்போ அவருக்கு மாற்றா வேற டிபென்ஸ் பையனை இறக்கினா சர்வீஸும் போடுவான். சர்வதேச விதிப்படி லிபரோ அதைப் போடக்கூடாது. 1, 6, 5-னு பின்வரிசை மூணு இடமும் ஆடிட்டு, முன்வரிசை 4-க்கு வர்றப்போ வெளிய வந்துடலாம். ஆனா செட்டுக்கு இருக்கற 6 மாற்றுல 2 இதுக்கே போயிடுது. அதே ஜோடியை அந்த செட்டுல மறுபடி மாத்தவும் முடியாது. முதல் சுத்துலயே இறக்கிடலாமா, 15 பாயிண்டுக்கு மேல வெச்சுக்கலாமா?

இன்னொண்ணு. அந்த டிபென்ஸ் பையன் 5-ல (பின்வரிசை இடது) கிராஸ் ஸ்மாஷ் (குறுக்கா வர்ற அடி) எடுக்கறப்போ பந்து தலைக்குப் பின்னால பறந்துடுது. எடை குதிகால்ல நிக்குது, கையையும் வீசறான்; காரணம் அதுதான். எதிராளி அடிக்கறதுக்கு முன்னாடியே நின்னு, பாதத்தோட முன்பக்கம் எடை வெக்கணும்னு சொல்லிக் கொடுத்தாச்சு. செம்மண் தரையில அப்பவும் கால் வழுக்குது. மேசை மேல ஏறி நின்னு அடிச்சுக் கொடுத்துப் பழக்கலாமா? ஒரு தடவைக்கு எத்தனை பந்து, நடுவுல எவ்வளவு ஓய்வு? பிளாக்கர் லைனை (பக்கக் கோட்டோரமா நேரா வர்ற அடியை) மூடினா, 5-ல நிக்கறவன் 3 மீட்டர் கோட்டுல இருந்து எவ்வளவு தள்ளி நிக்கணும்னும் சொல்லுங்க.