70 சதவீதம்: எலிக்கா, நமக்கா?

அல்சூர் சேகர்: நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு மேதாவி "டிஎன்ஏ ரோபோ வந்தாச்சு, புற்றுநோய் 70% குணம், இனி கீமோ வேண்டாம்" என்று போட்டிருக்கிறார். ஐயா, அது 2024-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் எலிகளிடம் பார்த்தது. கட்டியின் வளர்ச்சி 70% வரை குறைந்தது. எலி!

மணி_42: போட்டது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 70 என்றால் 70தானே?

அல்சூர் சேகர்: பால் பொங்குவது மெதுவானால் அடுப்பு அணைந்ததாக அர்த்தமா?

சித்ரா: அடுப்பை விடுங்கள் சார், அதில் இருக்கிற யோசனையே அழகு. பெப்டைடு என்கிற குட்டிப் புரதத் துண்டுகள் ஆறை அறுகோணமாக அடுக்கி, டிஎன்ஏவால் மடித்த கூட்டுக்குள் ஒளித்து வைக்கிறார்கள், அதுதான் அந்த ரோபோ. ரத்தத்தின் பிஎச் (அமிலத்தன்மை அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 7.4-இல் அந்த அறுகோணம் வெளியே தெரியாது. கட்டியைச் சுற்றி அமிலம் கூடி 6.5-க்கு வந்தால் வெளிப்பட்டு, செல் தானாகவே சாகும்படி செய்கிறது.

மணி_42: பார்த்தீர்களா, மேடமே சொல்லிவிட்டார். 70.

அல்சூர் சேகர்: அவர் எங்கே 70 என்றார்?

மணி_42: 2018-இல் சீனாவில் டிஎன்ஏ ரோபோவைப் பன்றிக்கே கொடுத்தார்கள், தெரியுமா?

அல்சூர் சேகர்: அது வேறு டிஎன்ஏ குழாய், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை உறைய வைத்து அடைப்பது. பன்றிக்குக் கொடுத்தது ஆபத்து உண்டா என்று பார்க்க. கட்டி சுருங்கியது அங்கேயும் எலிக்குத்தான்.

கோரமங்களா குமரன்: எல்லாம் வெளிநாட்டுப் பெருமை. இதே பெங்களூரு என்சிபிஎஸ் உயிரியல் ஆய்வு மையத்தில் விஞ்ஞானி யமுனா கிருஷ்ணன் குழு 2009-லேயே செல்லுக்குள் பிஎச் அளக்கும் டிஎன்ஏ கருவி செய்துவிட்டது. நம்ம சென்னையில் படித்தவர்.

சித்ரா: பிறந்தது கேரளா.

குமரன்: படித்தது சென்னை!

சித்ரா: முனைவர் பட்டம் இங்கே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி), இப்போது இருப்பது சிகாகோ. அதற்கென்ன?

அல்சூர் சேகர்: யார் ஊர் என்பதா இப்போது பிரச்சினை? எங்கள் அண்ணி மூன்று மாதமாகக் கீமோவில் இருக்கிறார், கையில் ஊசி போட நரம்பு கிடைக்காமல் நர்ஸ் நாலு இடத்தில் குத்துகிறார், அவர் இந்த மெசேஜைப் படித்துவிட்டு மருந்துச் சீட்டை மடித்து பீரோவில் வைத்துக்கொண்டே "அடுத்த வாரம் போகணுமா தம்பி?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? எலி என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டால் விரல் தேய்ந்துவிடுமா?

மணி_42: அண்ணி சீக்கிரம் குணமாகட்டும். ஆனால் பொங்கல் விழாவில் கரும்புக் கணக்கு கேட்டதிலிருந்தே உங்களுக்கு என்மேல் காட்டம், அது ஊருக்கே தெரியும்.

அல்சூர் சேகர்: கணக்கை இன்னும் காட்டவே இல்லையே!

குமரன்: அதானே, எத்தனை கட்டு வாங்கினீர்கள்?

மணி_42: எலியும் பாலூட்டிதான் சார். மெசேஜை அழிக்க மாட்டேன். 70.